கேளுங்கள், சொல்கிறேன்: பழைய கேம்பரின் கேஸ் டேங்க்

கேள்வி: வணக்கம் சார். இரண்டு மாதத்துக்கு முன்னால் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடு மாதிரியான 2006 மாடல் டிராவல் டிரெய்லர் (கேம்பர்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். முன்பக்கம், காரோடு மாட்டும் இடத்துக்கு மேலே இரண்டு 20 பவுண்டு புரொப்பேன் டேங்க் இருக்கின்றன. ஒன்றை நிரப்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் மேலே எதையோ படித்துப் பார்த்துவிட்டு, "எக்ஸ்பயர் ஆகிவிட்டது, நிரப்ப மாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். விற்றவரைக் கேட்டால் "போன வருடம்கூட நிரப்பினேனே" என்கிறார். இரும்பு டேங்குக்கு எக்ஸ்பயரி ஏது? வேறு கடையில் கேட்டுப் பார்க்கலாமா, சூப்பர் மார்க்கெட் வாசலில் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்களே, அங்கே கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா, இல்லை புதிதாகவே வாங்கிவிடலாமா? என் மனைவிக்கு இந்த டேங்குகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: கடைக்காரர் செய்தது சரி. இன்னொரு கடை தேடிப் போகாதீர்கள். தேதி தாண்டிய டேங்கை நிரப்பித் தருகிற ஆள் கிடைத்தாலும் கிடைப்பார், ஆனால் தேதியைப் பார்க்காதவர் வேறு எதையெல்லாம் பார்க்காமல் விடுவாரோ, அவரிடம் நிரப்பிக்கொள்ளவே கூடாது.

உங்கள் குழப்பம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நாம் வளர்ந்த ஊரில் சிலிண்டர் நமக்குச் சொந்தமில்லை. டெபாசிட் கட்டி கனெக்‌ஷன் வாங்குகிறோம், காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்குகிறோம், போன மாதம் வந்த சிலிண்டர் இந்த மாதம் வேறு யார் வீட்டிலோ இருக்கும். அந்த 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில், உள்பக்கமாக பி-27 என்பது போல ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி டி வரைக்கும். அந்தக் காலாண்டுக்குள் அதை மறுபடி சோதித்தாக வேண்டும். சோதிப்பது கம்பெனியின் வேலை, நாம் தேதியை மட்டும் பார்த்து வாங்கினால் போதும். அமெரிக்காவில் கேம்பரில் உட்கார்ந்திருக்கும் டேங்க் உங்கள் சொந்தச் சொத்து. வண்டி கைமாறியபோது அதைச் சோதிக்கும் பொறுப்பும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. யாரும் வந்து நினைவுபடுத்த மாட்டார்கள்.

இப்போது ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டேங்க் அருகில் போங்கள். வால்வைச் சுற்றி கைப்பிடி மாதிரி ஒரு இரும்பு வளையம் இருக்கும், ஆங்கிலத்தில் காலர் என்பார்கள். அதில் எண்களும் எழுத்துகளும் குத்தியிருப்பார்கள். யாராவது மேலே பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து படிக்க முடியும். டபிள்யூ.சி. 47.6 என்று இருந்தால் டேங்க் கொள்ளும் தண்ணீரின் எடை, பவுண்டில். டி.டபிள்யூ. என்பது காலி டேங்கின் எடை, 20 பவுண்டு கேஸ் கொள்ளும் டேங்குக்குப் பெரும்பாலும் 17, 18 பவுண்டு வரும். இவற்றுக்கு நடுவே 05 06 என்பது போல மாதமும் வருடமும் இருக்கும். அதுதான் டேங்க் பிறந்த தேதி.

அந்தத் தேதியிலிருந்து 12 வருடம் வரை நிரப்பலாம், அமெரிக்காவின் போக்குவரத்துத் துறை விதி இது. அப்புறம் அங்கீகாரம் பெற்ற ஒருவர் பரிசோதித்துப் புதுத் தேதி போட்டால்தான் மறுபடி நிரப்புவார்கள். கண்ணால் பார்த்துச் செய்யும் பரிசோதனை என்றால் தேதிக்குப் பின்னால் இ (E) என்ற ஆங்கில எழுத்து இருக்கும், அது 5 வருடத்துக்குச் செல்லும். உங்கள் டேங்குகளும் வண்டியோடு 2006-இல் வந்தவை என்றால் 2018-லேயே காலம் முடிந்துவிட்டது. ஒன்றில் 8-19 இ என்று இரண்டாவது தேதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தாலும் அது 2024 ஆகஸ்ட் வரைக்கும்தான். விற்றவர் போன வருடம் நிரப்பியிருக்கலாம், பொய் சொல்லியிருக்க மாட்டார். நிரப்பிக் கொடுத்தவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், தேதி முடிந்த டேங்கில் மிச்சமிருக்கும் கேஸை எரித்துத் தீர்ப்பதற்குத் தடையில்லை. தடை நிரப்புவதற்குத்தான். ஆனால் டேங்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அதற்கு முன்னால் பார்த்தே ஆக வேண்டும். அடிவளையம் துரு தின்று செதில் செதிலாக உரிகிறதா, பக்கத்தில் ஆழமாக நசுங்கியிருக்கிறதா, தீயில் வெந்த கறுப்பு இருக்கிறதா? முக்கியமாக, பித்தளை வால்வில் நீலப்பச்சைக் கறை படிந்திருக்கிறதா? அப்படி இருந்தால் அந்த டேங்கில் யாரோ அமோனியா பிடித்து வைத்திருந்திருக்கலாம். அமோனியா பித்தளையை உள்ளுக்குள்ளேயே விரிசல் விடச் செய்துவிடும். அந்த வால்வைத் திறக்கவும் வேண்டாம், டேங்கைத் தூக்கவும் வேண்டாம், புரொப்பேன் டீலரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

வால்வின் கைப்பிடி முக்கோணமா வட்டமா என்பதையும் பாருங்கள். முக்கோணம் என்றால் உள்ளே ஓ.பி.டி. எனப்படும் மிதவை இருக்கிறது, டேங்க் 80 சதவீதம் நிறைந்ததும் அது மேலே வந்து அடைத்துவிடும். புரொப்பேன் திரவம் வெயிலில் நன்றாக விரியும், மேலே அந்த 20 சதவீத இடம் இல்லாவிட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. 1998 செப்டம்பர் கடைசிக்குப் பிறகு செய்த 4 முதல் 40 பவுண்டு வரையிலான டேங்குகளில் இது கட்டாயமாயிற்று, 2002 ஏப்ரலில் இருந்து இது இல்லாத டேங்கை நிரப்பக் கூடாது என்றும் ஆயிற்று (படுக்கை வாட்டில் பயன்படுத்தும் சில பழைய டேங்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு). உங்களுடையது 2006 என்பதால் முக்கோணமாகத்தான் இருக்கும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 20 பவுண்டு டேங்குக்குக் கூண்டுதான் வசதி. கூண்டுக்காரர்கள் தேதி முடிந்த டேங்கையும் வாங்கிக்கொண்டு, சோதித்துத் தேதி போட்ட நிறைந்த டேங்கைக் கொடுப்பார்கள். அவர்களிடம் ஒரு குறை, 20 பவுண்டு டேங்கில் சுமார் 15 பவுண்டுதான் நிரப்பியிருப்பார்கள், அதாவது மூன்றரை கேலன், நிறைய நிரப்பினால் 4.7 கேலன் வரும். அதனால் கூண்டுக்கு ஒரே ஒரு முறை போங்கள், பழைய இரண்டையும் தள்ளிவிட்டு நல்ல தேதியுள்ள இரண்டை வாங்குங்கள், அதற்குப் பிறகு எப்போதும் நிரப்பும் கடைக்கே போங்கள், கேலன் கணக்கில் பார்த்தால் அங்கே மலிவு. கூண்டைத் திறந்து ஊழியர் எடுத்துக் கொடுக்கும்போது காலரைப் படித்துப் பாருங்கள். இன்னும் ஆறு மாதத்தில் முடியப்போகிற டேங்க் என்றால் "வேறு கொடுங்கள்" என்று கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. துருவோ நசுங்கலோ அதிகம் இருந்தால் பெயிண்ட் உரிந்த பக்கத்தைத் திருப்பி வைத்துக் கூண்டில் தள்ளிவிடாதீர்கள், டீலரிடம் கொடுத்துவிடுங்கள். குப்பையில் போடவே கூடாது.

30 பவுண்டு டேங்க் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அந்த அளவு கூண்டில் கிடைக்காது. டீலரிடம் மறுபரிசோதனை செய்துகொள்ளலாம், புது 30 பவுண்டு டேங்கின் விலையைப் பார்த்தால் அது லாபம். 20 பவுண்டுக்குப் பரிசோதனைச் செலவும் புது டேங்க் விலையும் பெரும்பாலும் பக்கம் பக்கமாக வந்துவிடும்.

புதிதாக வாங்கினால் ஒரு விஷயம். புது டேங்குக்குள் காற்று இருக்கும். முதல் தடவை நிரப்பும் முன்னால் புரொப்பேன் ஆவியைக் கொஞ்சம் ஏற்றி வெளியேற்றி, நாலைந்து தடவை இப்படிச் செய்து காற்றைத் துரத்த வேண்டும். இல்லையென்றால் அடுப்பு பற்றவே பற்றாது. இதை நீங்கள் செய்ய வேண்டாம், "இது புது டேங்க்" என்று நிரப்புகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலேயே காற்றை எடுத்துவிட்டு வரும் டேங்குகளும் உண்டு, அதில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும்.

நிரப்பும்போது பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் பாருங்கள், உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். வால்வின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகை நிரப்புகிற ஊழியர் ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் தளர்த்துவார். முதலில் கண்ணுக்குத் தெரியாமல் உஸ் என்று ஆவி மட்டும் வரும். திரவம் 80 சதவீதத்தைத் தொட்டதும் அந்த ஊசித்துளையிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை மாதிரி சீறும், உடனே பம்பை நிறுத்தித் திருகை இறுக்கிவிடுவார். அந்த வெள்ளைச் சீறலைக் கசிவு என்று நினைத்து என் மனைவி முதல் தடவை நாலடி பின்னால் போனார். என்ன நடக்கிறது என்று அந்த ஊழியர் விளக்கிய பிறகு, இப்போது எங்கள் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது என் மனைவிதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல் டிரெய்லரை வாங்கியபோது படுக்கையைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், கூரையில் ஏறி ஒழுகுமா என்று பார்த்தேன், டேங்கை மட்டும் பார்க்கவில்லை. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை குழந்தைகளோடு ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குக் கிளம்பி, வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு கடையில் நிறுத்தினோம். இரண்டு டேங்குக்கும் தேதி முடிந்திருந்தது. மாலை ஆறு மணி ஆகிவிட்டது, முன்பதிவு செய்த இடத்தை விட மனமில்லாமல் அப்படியே மேலே போய்விட்டோம். அந்தப் பூங்காவின் முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. நடுராத்திரி ஒரு டேங்கில் இருந்த கொஞ்சநஞ்சமும் தீர்ந்து ஹீட்டர் நின்றது, சின்னவளுக்கு அப்போது மூன்று வயது, விடியும்வரை அவளை என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம் குனிந்து காலரைப் படித்திருந்தால் அந்தக் குழந்தைக்கு அந்தக் குளிர் வந்திருக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

கேள்வி: நல்ல தேதியுள்ள டேங்க் இரண்டு மாட்டிவிட்டேன். வண்டி 15 வருடப் பழசு. டேங்க் மட்டும் மாற்றினால் போதுமா?
(வாசகி, ஆஸ்டின், டெக்சாஸ்)

பதில்: போதாது. டேங்குக்காவது தேதி பார்க்க ஒரு கடைக்காரர் இருக்கிறார், அதற்குப் பின்னால் இருக்கும் ரப்பருக்கும் ரெகுலேட்டருக்கும் உங்களை விட்டால் ஆளில்லை.

டேங்கிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் இரண்டு குட்டை ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது மேல்தோலில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். டெக்சாஸ் வெயிலில் 15 வருடம் இருந்த ரப்பரை நான் பார்க்காமலேயே மாற்றச் சொல்வேன், விலை ஒன்றும் பெரிதில்லை. பழைய ஹோஸின் முனையில் பித்தளை நட்டு இருந்து, அதை டேங்க் வால்வின் உட்பக்கம் திருக வேண்டியிருந்தால் அது பி.ஓ.எல். வகை, இடதுபுற மரை, வழக்கத்துக்கு மாறாகத் திருகினால்தான் கழலும். வேகத்தில் இறுக்கியே உடைத்தவர்கள் உண்டு. இப்போது வருகிற ஹோஸில் பச்சை அல்லது கறுப்பு பிளாஸ்டிக் நட்டு இருக்கும், வால்வின் வெளிப்பக்கம் கையாலேயே வலதுபுறம் திருகி மாட்டலாம், ஸ்பேனர் வேண்டாம். அந்த நட்டு பக்கத்தில் தீப்பிடித்தால் உருகி இணைப்பை விட்டுவிடும், உடனே வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். ஹோஸ் மாற்றுவதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ரெகுலேட்டர் டேங்கின் பெரிய அழுத்தத்தை அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஏற்ற மாதிரி 11 அங்குலத் தண்ணீர் அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுக்கிறது. உள்ளே ரப்பர் சவ்வுதான் வேலை செய்கிறது, அதுவும் முதுமை அடையும். 15 வருடம் ஆகிவிட்டதென்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். மாட்டி முடித்ததும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள், குமிழி வளர்ந்தால் கசிகிறது. தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மொத்தக் குழாயையும் அழுத்த மீட்டர் வைத்து ஒரு டெக்னீஷியன் சோதித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, பழைய வண்டிக்கு வாங்கிய முதல் மாதமே இந்தச் செலவைச் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

வண்டிக்குள்ளே, தரையை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்கோடு இருக்கிறதா? அது கேஸ் கசிவுக் கருவி. புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையில் படியும், அதனால்தான் அது கீழே இருக்கிறது. இதற்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 அல்லது 7 வருடம், பின்பக்கம் தேதி இருக்கும், கழற்றிப் பாருங்கள். மூக்கு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். புரொப்பேனுக்கு இயல்பில் வாசனை கிடையாது, நாம் முகர்வது அதில் கலக்கிற எத்தில் மெர்காப்டானின் நாற்றம். டேங்கின் உட்புறம் துருப்பிடித்தால் அந்த வாசனை மங்கிப்போக வாய்ப்பு உண்டு. தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடுகிறது.

கேள்வி: புது டேங்க் மாட்டியதிலிருந்து அடுப்பு சிம்மில் வைத்த மாதிரியே எரிகிறது. ஹீட்டர் ஓடி ஓடி நிற்கிறது. டேங்க் கோளாறா?
(வாசகர், சார்லட், வட கரோலினா)

பதில்: பெரும்பாலும் வால்வைச் சட்டென்று திறந்ததுதான் காரணம். பிளாஸ்டிக் நட்டு உள்ள இணைப்பில் ஒரு தடுப்பு இருக்கிறது, கேஸ் திடீரென்று பாய்ந்தால் ஹோஸ் அறுந்துவிட்டது என்று எண்ணி அளவைச் சுருக்கிவிடும். அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், டேங்க் வால்வை மூடுங்கள், நட்டைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப மாட்டுங்கள், அப்புறம் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். முதலில் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: 20 பவுண்டு டேங்க் ஒன்று எத்தனை நாளைக்கு வரும்?
(வாசகர், டென்வர், கொலராடோ)

பதில்: ஹீட்டரைப் பொறுத்தது. ஒரு கேலன் புரொப்பேன் சுமார் 91,500 பி.டி.யூ. வெப்பம் தரும், 4.7 கேலனுக்கு 4,30,000. மணிக்கு 30,000 பி.டி.யூ. ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் 14 மணி நேரம்தான். அது விட்டு விட்டு எரிவதால் உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் இரண்டு ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு மட்டும் என்றால் வாரக்கணக்கில் வரும்.

கேள்வி: எங்களுடையது மோட்டார் ஹோம். டேங்க் வண்டியோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறது, கழற்ற முடியாது. அதற்கும் 12 வருடக் கணக்கா?
(வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா)

பதில்: இல்லை. அது வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தும் ஏ.எஸ்.எம்.இ. வகை டேங்க், அந்த 12 வருட விதி கழற்றி எடுத்துப் போகும் சிலிண்டர்களுக்குத்தான். ஆனால் வண்டிக்கு அடியில் உப்பும் சேறும் அடித்து, பட்டைகள் பிடித்திருக்கும் இடத்தில் துரு ஏறும், வருடத்துக்கு ஒரு முறை கீழே படுத்துப் பாருங்கள். நிரப்புவதற்கு வண்டியையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எல்லாரையும் கீழே இறக்கிவிட்டு, எஞ்சினையும் ஃபிரிட்ஜையும் ஹீட்டரையும் அணைத்த பிறகுதான் நிரப்பவிட வேண்டும்.

கேள்வி: கனடாவிலும் 12 வருடம்தானா?
(வாசகர், ஸ்கார்பரோ, டொராண்டோ)

பதில்: 10 வருடம்.

கேள்வி: அடுத்த மாதம் நியூ ஜெர்சியிலிருந்து டிரெய்லரோடு வர்ஜீனியா போகிறோம். கேஸ் டேங்கோடு பால்டிமோர் சுரங்கப்பாதையில் போகக் கூடாது என்று ஒரு நண்பர் சொல்கிறார். வால்வை மூடிவிட்டால் போகலாம்தானே?
(வாசகர், பிரின்ஸ்டன், நியூ ஜெர்சி)

பதில்: நண்பர் சொன்னது சரி. ஃபோர்ட் மெக்ஹென்ரி, பால்டிமோர் ஹார்பர் என்று அங்கே இரண்டு சுரங்கப்பாதை, இரண்டிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் டேங்க் உள்ள வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, வால்வை மூடினாலும் கிடையாது. முன்பெல்லாம் 695 நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் வழியாகப் போவோம். அந்தப் பாலம் 2024 மார்ச் 26-ஆம் தேதி கப்பல் மோதி விழுந்துவிட்டது, அதனால் ஜி.பி.எஸ். என்ன சொன்னாலும் நகருக்கு வடக்கே 95 நெடுஞ்சாலையிலிருந்து 695 மேற்குப் பக்கம் ஏறிச் சுற்றிக்கொண்டு போங்கள். வேலை நாள் காலையிலும் மாலையிலும் அந்தப் பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும், காலை பத்து மணிக்கு மேல் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள்.